வரையாடு, கழுதை, அண்ணன்

மேற்கு மாம்பலத்துக்கே உரிய விலங்குகள் என்று பார்த்தால் கொசு, மாடு, பெருச்சாளி. மூன்றில் ஒன்றுகூட அழியும் நிலையில் இல்லை. கொசுவை ஒழிக்க வந்த புகை வண்டிகளெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன, கொசு இருக்கிறது. மாடு ஆர்ய கவுடா ரோட்டின் நடுவில் படுத்துக்கொண்டு ஆட்டோ ஹாரனை நலங்குப் பாட்டு மாதிரி கேட்டு ரசிக்கிறது. பெருச்சாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மழைநீர் வடிகால் அதற்குப் பட்டா நிலம்.

இப்படிப்பட்ட பேட்டைக்கு, மே மாதத்தில், நாவலூரிலிருந்து என் அண்ணன் மகன் ஒரு பெட்டி துணியோடும் ஒரு தாளோடும் வந்து இறங்கினான். ஆறாம் வகுப்புக்குப் போகிறவன். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி. லீவு விட்டால் பாட்டி வீடு. தாளில் 'ஹாலிடே ப்ராஜெக்ட்' என்று தலைப்பு. நம் மண்ணின் விலங்குகளில் அழிந்துவருவன எவை என்று அறிந்து, ஒன்றுக்கு வீணான பொருட்களால் மாதிரி செய்ய வேண்டும், ஒன்றை நேரில் கண்டு குறிப்பெழுத வேண்டும், வயதில் மூத்த ஒருவரைப் பேட்டி காண வேண்டும். கடைசி வரி கொட்டை எழுத்தில்: பெற்றோர் உதவக் கூடாது.

அண்ணன் அந்த வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான். "பாத்தியா, எங்களை ஸ்ட்ரிக்டா வேண்டாம்னுட்டாங்க. அத்தையைப் பத்தி ஒண்ணும் போடலை."

மாதிரிக்கு வரையாடு என்று முடிவாயிற்று. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இதைவிட நம் மண்ணுக்கு உரியதாக ஒன்று கிடைக்காது. படம் வாங்க ஸ்டேஷன் ரோடு பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனோம். கடைக்காரர் காட்டு விலங்குகள் தாளை எடுத்துப் போட்டார். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, கங்காரு, துருவக்கரடி. மாம்பலத்துப் பிள்ளைகள் காலங்காலமாக அறிந்து வளரும் காடு இதுதான்.

"நம்ம ஊர் விலங்கு வேணும். வரையாடு."

"ஆடா? அது வீட்டு விலங்குல வரும்." இன்னொரு தாள் வந்தது. பசுவுக்கும் கோழிக்கும் நடுவில் ஒரு வெள்ளாடு, சாதுவாகச் சிரித்துக்கொண்டு. "கொம்பை மட்டும் கறுப்பு ஸ்கெட்ச்ல கொஞ்சம் பெருசாக்கிக்குங்க மேடம். போன வருஷமும் ஒரு பார்ட்டி அப்படித்தான் பண்ணாங்க."

அப்படிப் பண்ண முடியாது என்று பையன் சொல்லிவிட்டான். அதற்குள் அவன் நிறையப் படித்திருந்தான். ஆண் வரையாட்டுக்கு வயதானால் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு வருமாம். 2023இல் தமிழக அரசு 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியதாம். வரையாட்டை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாம். 2025இல் எண்ணிப் பார்த்தபோது தமிழ்நாட்டில் மொத்தம் 1,303 இருந்தனவாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் ஒரே ஒரு கடை வாசலில் அதைவிடக் கூட்டம் நிற்கும். அத்தனை ஆடும் அந்தச் சந்துக்குள் வந்துவிட்டுப் போனால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு ஆடு புடவையோடு திரும்பலாம்.

வீணான பொருட்களால் செய்ய வேண்டும் என்பதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை. ஜாம் பாட்டிலில் ஊறுகாய், ஊறுகாய் பாட்டிலில் பெருங்காயம், பால் கவர் கழுவிக் காயப்போட்டு எடைக்கு. ஆட்டின் கால்களுக்கு டிஷ்யூ ரோலின் நடு அட்டை வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டான். டிஷ்யூ ரோல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது. ஆகவே புதிதாக நான்கு ரோல் வாங்கி, முழுவதும் உருவி எடுத்துவிட்டு, அட்டையைக் குப்பையாக்கினோம். உருவிய காகிதம் மலைபோலக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மடித்து மடித்து ஒரு தலையணை உறைக்குள் அடைத்தாள். இன்றுவரை வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் வரையாட்டின் புண்ணியம்.

உடம்புக்கு அரிசிப் பை, ரோமத்துக்குத் தேங்காய் நார், கொம்புக்கு பாட்டியின் பழைய கறுப்பு பிளாஸ்டிக் வளையல் ஒன்றை இரண்டாக வெட்டியது. கொம்பு மட்டும் தத்ரூபம். மற்றபடி பார்க்கிறவர்கள் ஒருவர் நாய் என்றார், ஒருவர் குருவாயூரப்பன் சன்னதி வாசலில் விற்கிற யானையா என்று கேட்டார். நிற்க மலைப்பாறை வேண்டும் என்று தெர்மாகோல் வாங்கினோம். தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. இயற்கையைக் காப்பாற்றும் ப்ராஜெக்ட்டுக்கான தெர்மாகோல் அட்டை எந்த அளவில் வேண்டுமானாலும் கிடைக்கிறது.

நேரில் பார்க்க வெளிமான். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. ஊருக்கு நடுவில் 2.7 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா. 1978இலிருந்து அந்தப் பட்டம். ஐந்து ரூபாய் ரயில் டிக்கெட்டில் போய் முறுக்குக் கொம்பு மானைப் பார்க்க வாய்ப்புள்ள மாநகரம் உலகில் எத்தனை இருக்கும் என்று நான் வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு போனேன். பூங்காவுக்குள்ளே நம்மை விடுவதில்லை, பக்கத்திலுள்ள சிறுவர் பூங்காவோடு சரி என்பது பிறகு தெரிந்தது. கொளுத்துகிற வெயிலில் மான்களுக்கு நம்மைவிட அறிவு அதிகம், நிழலைவிட்டு எதுவும் வெளியே வரவில்லை. பையன் குறிப்பேட்டில் எழுதினான்: "வெளிமானைப் பார்க்க நாங்கள் போனோம். எங்களைப் பார்க்க அது வரவில்லை. அத்தை இரண்டு ரோஸ் மில்க் குடித்தாள்." கடைசி வரியை அடிக்கச் சொன்னேன். நேரில் கண்டதைத்தானே எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

பேட்டிக்கு எதிர் ஃப்ளாட் மாமா. எண்பதைத் தாண்டியவர், மாம்பலத்தின் நடமாடும் கெஜட். கேள்வியைக் காதில் வாங்குமுன்பே, "சிட்டுக்குருவின்னு எழுதிக்கோ. செல்போன் டவர் வந்து அத்தனையும் அழிஞ்சுபோச்சு" என்றார். பையன் பணிவாக, "இல்லை தாத்தா, உலகப் பட்டியல்ல அது ஆபத்து இல்லாத லிஸ்ட்லதான் இருக்கு. உங்க ஏ.சி. மேலகூட ரெண்டு உக்காந்துண்டிருக்கு" என்றான். மாமா திரும்பிப் பார்த்தார். குருவிகள் அவரைப் பார்த்தன. ஒரு சின்ன மௌனத்துக்குப் பிறகு மாமா தவளைக்கு மாறினார். அந்தக் காலத்தில் ஐப்பசி மழைக்கு மாம்பலமே தவளைக் கச்சேரியாக இருக்குமாம், தூக்கமே வராதாம்.

"அப்போ இங்கே ஏரி இருந்துதா?"

"லேக் வியூ ரோடுன்னு பேர் இருக்கே, கேக்கறியே. நான் குடிவந்தப்பவே லேக்கும் இல்லை, வியூவும் இல்லை." மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரைக் கட்டினார்கள். தவளைகளுக்கு மாற்று இடம் ஒதுக்கியதாக எந்த அரசாணையும் இல்லை. இருந்தும் நூறு வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது.

பிறகு மாமா ஜட்காக் குதிரை என்றார். அதற்கும் பிறகு, "கழுதை! கழுதையைப் போடு. வண்ணான் துறைக்கு மூட்டை சுமந்துண்டு போகும். குழந்தைக்குச் சங்குல கழுதைப் பால் வித்துண்டு வருவா. இப்போ எங்கே?" என்று கேட்டார்.

இதை நான் கிழவரின் ஏக்கம் என்று தள்ளிவிட இருந்தேன். பையன் தேடிப் பார்த்தான். மாமா சொன்னது நூற்றுக்கு நூறு. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கழுதை 2019இல் 1.2 லட்சத்துக்கு வந்துவிட்டது. அறுபது சதவீதத்துக்கு மேல் இறக்கம். படிக்காத பிள்ளைகளைக் கழுதை மேய்க்கத்தான் லாயக்கு என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டிய சமூகம் இது. இனி அந்த வேலைக்கும் காலியிடம் இல்லை.

மாலை வேளைகளில் கரண்ட் போனால் பையனுக்கு மொட்டைமாடியில் கதை. அப்படித்தான் ஒருநாள் சதீஷ் பாஸ்கரைப் பற்றிச் சொன்னேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் எஞ்சினியரிங் படிக்க வந்தவர், கடற்கரையிலேயே பழியாகக் கிடந்து, கடைசியில் பொறியியலை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனவர். கிண்டி பாம்புப் பண்ணையில் சேர்ந்து, இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவில் சுஹேலி என்ற ஆளில்லாத் தீவில் தன்னந்தனியாக ஆமைகளை எண்ணிக்கொண்டு இருந்தார். மழைக்காலத்தில் படகே போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் உறையிலிட்டு விலாசத்துக்கு அனுப்பிவைத்துவிட்டார். நம் தெருவில் கூரியர் பையன் இரண்டாம் மாடி என்றால் கீழேயே கேட்டில் மாட்டிவிட்டுப் போகிற காலத்தில், இதைக் கேட்ட பிள்ளையின் கண் எப்படி விரிந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அண்ணன் வந்தான். பையன் தட்டில் கை வைக்கும் முன்பே ஆரம்பித்தான். "அப்பா, ஐ.ஐ.டி.யில சேந்துட்டு ஆமைக்காக விட்டுட்டாராம்ப்பா ஒருத்தர்!"

அண்ணனின் சாம்பார் சாதம் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அந்த வருஷம்தான் பையனை ஆறாம் வகுப்பு ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்திருந்தான். குழந்தை ஐந்தாவது முடிக்கும் முன்பே கட்டிய ஃபீஸ் ரசீது அவன் பர்ஸில் மனைவி போட்டோவுக்கு முன்னால் இருக்கும்.

"சேந்துட்டு... விட்டுட்டாரா?"

"ஆமாம்ப்பா. தீவுல தனியா!"

அண்ணன் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டான். "ப்ராஜெக்ட்டுக்குத்தானே சொன்னேன் உன்னை? ஒட்டு, வெட்டு, கலர் அடி. அவனுக்கு நிஜமாவே இன்ட்ரஸ்ட் வர மாதிரி எதுக்குப் பண்றே?"

எனக்கு அன்றுதான் அந்தத் தாள் முழுதாக விளங்கியது. விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், படம் ஒட்டலாம், மதிப்பெண் வாங்கலாம். பிடித்துப் போய்விடக் கூடாது. பெற்றோர் உதவக் கூடாது என்றது, அப்படிப் பிடித்துப் போவதற்கு உதவக் கூடாது என்றுதான் போல.

ஜூனில் பள்ளி திறந்தது. எந்தப் பள்ளி என்பது நமக்கெதற்கு. முதல் பரிசு ஒரு பாண்டாவுக்கு. பேட்டரி போட்டால் தலையை ஆட்டி மூங்கில் தின்னும், கண்ணில் விளக்கு எரியும். பாண்டா நம் மண்ணின் விலங்கில்லையே என்று பையன் கேட்டானாம். அழிந்துவருகிறதல்லவா என்று பதில் வந்ததாம். அதுவும் இல்லை, 2016லேயே உலகப் பட்டியலில் அதை ஒரு படி இறக்கி, ஆபத்து சற்றுக் குறைந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரும் இல்லை, அந்த வரிசையிலும் இல்லை. தலை மட்டும் ஆடியது. வரையாட்டுக்கு 'குட் எஃபர்ட்'. கழுதைப் பக்கத்தில் சிவப்பு மையில், 'இது வீட்டு விலங்கு' என்று சுழித்திருந்தது. எந்த வீட்டில் என்று எழுதவில்லை.

பையன் அசரவில்லை. சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்று காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டான். 1988இலிருந்து மாணவர்கள் கூடி நடத்துகிற கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. அந்தப் பருவத்தில் இரவெல்லாம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடந்து, கூடு தேடி, முட்டைகளைப் பத்திரமாகப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருவார்கள். நாற்பத்தைந்து நாள் அளவில் குஞ்சு பொரியும். மணல் சூடேறினால் பெண் குஞ்சு, குளிர்ந்தால் ஆண் என்பதைக் கேட்டுவிட்டு அம்மா, "அப்போ மெட்ராஸ்ல எல்லாம் பொண்ணாத்தான் இருக்கும், வரதட்சணைக்குப் பாவம் எங்கே போகும்" என்று கவலைப்பட்டாள். வார இறுதியில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள் என்று தெரிந்ததும் பையன் அப்பாவைப் பிடித்துக்கொண்டான். ஞாயிறு காலை ஃபவுண்டேஷன் டெஸ்ட் இருக்கிறது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். "நடை ராத்திரிதானேப்பா, டெஸ்ட் காலைலதானே" என்றது பிள்ளை. கணக்கு சரியாக இருந்ததால் மறுக்க முடியவில்லை. ஃபீஸ் வீண் போகவில்லை.

பருவம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, நள்ளிரவை ஒட்டி நீலாங்கரை மணலில் எல்லோரையும் உட்காரவைத்து ஓர் இளைஞன் நன்றாகப் பேசினான். டார்ச் அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள், ஆமை வராமலும் போகலாம், வருத்தப்படாதீர்கள் என்றான். 2025 ஜனவரியில் மட்டும் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைச் சொன்னான். இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிறதைச் சொன்னபோது குழந்தைகள்கூட நெளியவில்லை. கடைசியில், "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றான்.

அண்ணன் கை தூக்கினான்.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"எஞ்சினியரிங் சார். ஃபைனல் இயர்."

"வெரி குட்." அண்ணன் முகத்தில் ஒளி. "முடிச்சிட்டு?"

"அதான் சார் யோசிச்சிட்டிருக்கேன்."

அண்ணன் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டினான். "மணியாச்சு, காலைல டெஸ்ட் இருக்கு, கிளம்பலாம்" என்று திரும்பினான். பையன் அதற்குள் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்று, செருப்பைக் கழற்றி அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.