பண்டிகைக்குப் பெயர் வேண்டாமா?

கேள்வி: விநாயகர் சதுர்த்திக்குத் தமிழ்நாட்டின் தி.மு.க. சார்புக் கலைஞர் டிவி 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி' போட, பா.ஜ.க.வினர் குறைபட, இணையமே அவர்களைக் கேலி செய்கிறதே?
- வாசகர், தலவாக்கலை

பதில்: குறை நியாயமானது. பிள்ளையார் பெயரால் லீவு, பிள்ளையாருக்கே பெயரில்லையா? கும்பிடுபவர் வைத்த பெயரைச் சொல்வதே மரியாதை. கேலி செய்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

நம் இலங்கையில் 1966இல் ஞாயிறு விடுமுறையையே எடுத்துவிட்டு, பௌத்தர்களின் போயா நாட்களை விடுமுறையாகக் கொடுத்தார்கள். தேவாலயம் போகிறவர்கள் பட்ட சங்கடம் 1971இல்தான் தீர்ந்தது. அது பெயரைவிடப் பெரிய இழப்பு.

ஆனால் பெயரும் லீவும் மட்டும் பண்டிகை ஆகிவிடாது. தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி நெருங்கினால் தொழிலாளர் லயமெங்கும் ஒரே பேச்சு: 'பண்டிகை அட்வான்ஸ் எப்ப?' அதுவும் கடன். பிறகு சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பண்டிகைக்காகக் குரல் கொடுக்கும் தலைவர்களே, அந்தக் காசு துணி எடுக்கும் நாளுக்கு முன்பே கைக்கு வரவும் குரல் கொடுங்கள்.