இன்னும் ஒருமுறை பிரிந்து காட்டுங்கள்

நகராட்சி எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் சுங்கச்சாவடி வரக் கூடாது என்பது 2008-ஆம் ஆண்டின் பொதுவிதி. மதுரை அருகே கப்பலூர்ச் சாவடியோ திருமங்கலத்தை ஒட்டியே நிற்கிறது. ஊரே திரண்டு மறியல் செய்தும் அது அசையவில்லை. விதி ஒரு பக்கம், வசூல் ஒரு பக்கம் என்று வாழப் பழகிய இந்த மக்களே திகைத்து நிற்கும் இன்னொரு சாவடி உண்டு. அங்கே ஃபாஸ்டேக் செல்லாது. வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பும் செல்லாது.

கப்பலூர்த் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மெச்ச அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒத்துவரவில்லை. அவன் அங்கேயே கோர்ட்டுக்குப் போனான்; தபாலில் தீர்ப்பு வந்தது. அழுது முடித்தாள். பிறகு கனடாவில் வேலை பார்க்கும் ஒரு நல்ல மனிதர் பெண் கேட்டு வந்தார். குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்று வேண்டும். முந்தைய திருமணம் முடிந்ததற்கு ஆதாரமும் வேண்டும். தீர்ப்பை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனாள்.

“இது அமெரிக்காக் கோர்ட்டு ஆர்டரும்மா. நம்ம கோர்ட்டுல ஒரு டிக்ளரேஷன் வாங்கிட்டு வாங்க.”

“சார், அப்போஸ்டில் முத்திரை இருக்கே?”

“டெல்லி முத்திரை இல்லையே!”

தீர்ப்பு பிறந்த நாடு முத்திரை வைத்தால் போதும் என்பதுதான் அப்போஸ்டிலுக்கான ஹேக் உடன்படிக்கை. இந்தியாவில் அது நடைமுறைக்கு வந்தது 2005-இல். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தச் செய்தி மேசைவரை வந்து சேரவில்லை. ஒருவேளை அதற்கும் முத்திரை தேவைப்படுகிறதோ என்னவோ.

மேசைக்குப் பின்னால் பெரிய காரணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மனைவியை இங்கே விட்டுவிட்டு, மிசூரி மாநிலத்தில் தொண்ணூறு நாள் தங்கியதைக் காட்டி ஒருவர் வாங்கிவந்த விவாகரத்தை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக அயல்நாட்டு நீதிமன்றம் பிரித்துவைக்க முடியாது என்றது. கைவிடப்பட்ட பெண்ணுக்கு அது கேடயம். எதிர்த்தரப்பு சம்மதித்தால் ஏற்கலாம் என்று அதே தீர்ப்பு ஒரு வாசலையும் திறந்துவைத்தது. இங்கே அந்தப் பெண்ணே வந்து ‘எனக்குச் சம்மதம்’ என்கிறாள். கேட்பாரில்லை. கேடயத்தையே கால்விலங்காக அடித்து மாட்டும் கொல்லர்கள் நம் அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் அவன் புதுமாப்பிள்ளை. கப்பலூரில் இவள் இன்னும் அவன் பெண்டாட்டி! துணிந்து தாலி கட்டிக்கொண்டால் இருதார மணத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவு எட்டிப் பார்க்கும்.

சரி, இங்கேயே இன்னும் ஒருமுறை பிரியலாம் என்றால்? மீள முடியாமல் முறிந்த மணத்தை விவாகரத்துக்குக் காரணமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் சொன்னது 1978-இல். 2013-இல் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது; மக்களவையில் அது செத்துப்போனது. 2023-இல் அரசியல் சாசனப் பிரிவு 142-ஐ எடுத்துத் தானே அப்படிப் பிரித்துவைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, மணம் முறிந்தது என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பிரிய வேண்டுமென்றால் கப்பலூர்ப் பெண் டெல்லிக்கு ரயிலேற வேண்டும். மதுரைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு அதைப் பார்க்கும் கண்ணைப் பாராளுமன்றம் இன்னும் கொடுக்கவில்லை.

மறுபக்கம் இன்னும் வேடிக்கை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு மதிக்கிறது. அப்படித் தீர்த்து எழுதிய முத்திரைத்தாளை விசாவுக்கு நீட்டினால் அயல்நாட்டு அதிகாரி, “கோர்ட் ஆர்டர் எங்கே?” என்பார். அவர்கள் கோர்ட்டை நாம் நம்ப மாட்டோம். நம் ஊரை அவர்கள் நம்ப மாட்டார்கள். இரண்டு அவநம்பிக்கைக்கும் வக்கீல் ஃபீஸ் கட்டுவது ஒரே பெண்.

வெளிநாட்டு மாப்பிள்ளை மண்டபம் பிடித்தபோது, அவன் வேலை உண்மையா, முன்னமே ஒருத்தி இருக்கிறாளா என்று எந்த அலுவலகமும் கேட்கவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைகளின் திருமணங்களைப் பதிவுசெய்ய 2019-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதா போதாது, முழுமையான சட்டம் வேண்டும் என்று 2024-இல் சட்ட ஆணையம் எழுதியும் சட்டம் வரவில்லை. ஏமாறும்போது கண்ணை மூடிக்கொண்ட அரசு, மீளும்போது மட்டும் பூதக்கண்ணாடி மாட்டுகிறது.

இருவரும் ஒப்புக்கொண்ட அயல்நாட்டுத் தீர்ப்பைப் பதிவுக்கு ஏற்க ஒரு நேரான சட்டவிதி போதும். அதை எழுத வக்கில்லாதவர்கள் பெண்ணைப் பார்த்து, ‘பேப்பர் சரியில்லை’ என்று சொல்ல வேண்டாம். சரியில்லாத பேப்பர் உங்கள் அரசிதழ்தான்.