செத்தும் கொடுக்கும் சூப்பர் ஹீரோ

2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் அயர்ன் மேன் செத்துப்போனார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன கூட்டம், உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலரைக் கொட்டிவிட்டுப் போனது. கதை முடிந்தது, இனி நிம்மதி என்று நினைத்தவர்கள் அப்பாவிகள்.

அதன்பிறகு மார்வெல் படம் பார்ப்பதற்கே பாடத்திட்டம் வந்துவிட்டது. 2023-ல் வந்த 'தி மார்வெல்ஸ்' முழுசாகப் புரிய வேண்டுமா? முதலில் 'கேப்டன் மார்வெல்' பார்த்திருக்க வேண்டும்; பிறகு ஓடிடியில் 'வாண்டாவிஷன்', 'மிஸ் மார்வெல்' என்று இரண்டு தொடர்கள். ஹோம்வொர்க் செய்யாத ரசிகர்கள் வகுப்புக்கே வரவில்லை. அந்த மார்வெல் பட வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் அதற்குத்தான்.

செத்தவர்களையாவது சும்மா விடக் கூடாதா? 2017-ல் 'லோகன்' படத்தில் வுல்வரினை அடக்கம் செய்தார்கள். 2024-ல் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' தொடங்குவதே அந்தக் குழியைத் தோண்டித்தான். அவருடைய எலும்பையே ஆயுதமாக்கி டெட்பூல் சண்டை போடுகிறார், அதுவும் ஆடிக்கொண்டே! (தன் தொழில் ரகசியத்தை ஹாலிவுட் இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் சொன்னதாகத் தெரியவில்லை.) வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. செத்தும் கொடுத்தார் சீதக்காதி.

அதே ஆண்டு ஜூலை மாதம், சான் டியகோ காமிக்-கான் ரசிகர் விழா மேடையில் முகமூடியைக் கழற்றினார் ஒருவர். பார்த்தால் ராபர்ட் டவுனி ஜூனியர்! இனி அவர் அயர்ன் மேன் இல்லையாம், வில்லன் டாக்டர் டூமாம். அரங்கமே அலறியது.

சலித்துவிட்டது என்று நாம் புலம்புவதை ஹாலிவுட்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளாததில் தப்பே இல்லை. அலறியதும் நம் ஆட்கள்தானே.