கோழி கெளறாத இடம்

காங்கயம் பக்கத்தில் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுப் புறக்கடையில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடம் பார்த்துக் கொடுத்தவை கோழிகள்தான். ஆடிப் பட்டத்துக்கு விதை போடும் முன், ஒரு வாரம் காலையும் மாலையும் அமுச்சி வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார். கோழி எங்கே கெளறுகிறது, வெள்ளாடு எந்தப் பக்கமாகப் போகிறது, நாய் எந்த நிழலில் படுக்கிறது என்று கவனிப்பார். "அது எடத்த நாம புடுங்குனா, நம்ம செடிய அது புடுங்கும் கண்ணு" என்பார்.

கடைசியில் அவர் தேர்ந்தது தண்ணீர்த் தொட்டிக்கும் சமையல்கட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த மூலை. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கேதான் ஓடும். எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். நாற்று ஒரு சாண் வளரும்வரை மேலே வெள்வேல முள்ளைப் பரப்பி வைப்பார். பூனை மண்ணைப் பறிக்காது, கோழியும் கால் வைக்காது. வேலியோரம் ஆடாதொடை நின்றது. ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருக்கிறது.

2016-இல் கோவை வடவள்ளிக்கு வந்தோம். அமுச்சியின் பேரன் நான், செடி வைக்கத் தெரியாதா என்றிருந்தேன். காய்கறிக்கு 6 மணி நேர வெயில் வேண்டும் என்று படித்திருந்தேன். வெயிலை மட்டும் பார்த்து மனையின் பின்கோடியில் பாத்தி கட்டினேன். அந்த வழியாகத் தினமும் யார் போய் வருகிறார்கள் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. மருதமலை அடிவாரக் காடுகளிலிருந்து மயில்கள் இறங்கிவரும் தடம் அது. நாற்பது தக்காளி நாற்று வைத்தேன். மூன்றாம் நாள் பதினொன்று மிஞ்சியது. தண்ணீர் விட்டுக் குளிர்ந்த பாத்தியில் தெருநாய் படுத்தது. பொலபொலவென்றிருந்த கீரைப் பாத்தியைப் பூனைகள் கழிப்பிடமாக்கின. அந்தக் கீரையைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று.

இதையெல்லாம்விட இன்றும் என்னை உறுத்துவது வேறொன்று. உரத்துக்கு நல்லது என்று ஆமணக்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்டேன். அந்த வாசனை நாயை இழுக்கும் என்றோ, அதிலிருக்கும் ரிசின் அதைக் கொல்லும் என்றோ எனக்குத் தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாய் வந்து தின்றுவிட்டது. இரண்டு நாள் வாந்தியும் கழிச்சலுமாகக் கிடந்து, மருத்துவர் பார்த்துத்தான் பிழைத்தது. என் நாற்பது நாற்றும் சேர்ந்து அந்த நாயின் ஒரு முனகலுக்கு ஈடாகாது.

மயிலுக்கு விஷம் கலந்த தானியம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படி யோசனை சொன்னார். மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் சிறை. சட்டமே இல்லாவிட்டாலும் அது பாவம்தான். பயிரை இழந்த விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. அதற்கு நஷ்டஈடு கேட்கலாம், விஷம் கூடாது.

அமுச்சி ஊரில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிலும் கிளுவை வேலி இருந்தது. கால்நடையை உள்ளே நிறுத்தும், அந்நிய ஆட்டைத் தடுக்கும். அதே வேலிக்குள் கீரியும் ஓணானும் கௌதாரியும் குடியிருந்தன. உயிர்வேலி என்று சும்மாவா சொன்னார்கள்! இன்று அந்த இடத்தில் கல்தூணும் கம்பியும் நிற்கின்றன. குடியிருந்த வீட்டைப் பிடுங்கிவிட்டு, அவை நம் பாத்திக்கு வருகின்றன என்று குறை சொல்கிறோம்.

இரண்டாம் முறை அமுச்சியைப் போலவே உட்கார்ந்து பார்த்தேன். பத்து நாள் பார்த்தேன். மயில் வரும் பின்கோடியை அதற்கே விட்டுவிட்டேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, இரண்டு பக்கம் சுவர் அணைத்த கிழக்கு மூலைக்குப் பாத்தி வந்தது. மதியம்வரைதான் வெயில் விழும். காய் சற்றுக் குறையும், பரவாயில்லை. மயில் பெரிய உடம்புக்காரப் பறவை. இறங்கவும் எழும்பவும் அதற்கு இடம் வேண்டும். அதனால் பாத்தி குறுகலாகவே இருக்கிறது, மேலே அவரைப் பந்தல். நைலான் வலையைத் தரையில் விரிக்கவில்லை. அதில் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். நாற்றுகளின்மேல் முள்தான். ஆமணக்குப் புண்ணாக்குக்குப் பதில் மக்கிய சாணி.

கிளுவை வேலி இன்னும் நிற்கும் தோட்டம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். வெட்டியே தீர வேண்டுமென்றால் கிளைகளை எரித்துவிடாதீர்கள். போத்தாக நட்டாலே அது துளிர்க்கும். கேட்பவருக்குக் கொடுங்கள்.