வளைவில் திரும்பி முறைக்கும் டிரக்

கேள்வி: என் டிராக்சஸ் ஸ்லாஷ் ரிமோட் டிரக், பின்சக்கர இயக்கம். மண் பாதையில் நேராகப் பறக்கிறது. வளைவு வந்தால் வால் சுழன்று என்னையே முறைக்கிறது. என்ன செய்ய?

பதில்: எல்லாப் பலமும் பின்சக்கரத்தில், அது மண்ணை விட்டால் வண்டி உங்களைத்தான் பார்க்கும்! அதனால் முதல் செலவு டயருக்கு. உதிரி மண்ணுக்கு உயரமான முள், இறுகிய மண்ணுக்கு மென்மையான ரப்பரில் குட்டை முள். டயர் பிடிக்காதவரை மற்ற திருத்தமெல்லாம் வீண்.

அடுத்தது உயரம். பேட்டரியோடு வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். பின்பக்க சஸ்பென்ஷன் கைகள் கிடைமட்டமாக நிற்கட்டும். தூக்கி நின்றால் ஸ்பிரிங் மேலுள்ள வளையங்களைக் கழற்றுங்கள். குண்டும் குழியுமான பாதையில் பின்சக்கரம் துள்ளுகிறதா? ஷாக்கில் இன்னும் மெல்லிய சிலிக்கோன் எண்ணெய் ஊற்றுங்கள். கோடையில் எண்ணெய் இளகும், அப்போது ஒரு படி கெட்டியானது நல்லது. சக்கரத்தின் மேல்விளிம்பு 1 அல்லது 2 டிகிரி உள்சாய்ந்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது. வளைவுக்கு முன்பே விசையைத் தளர்த்தி, வண்டி நேரான பின் அழுத்துங்கள். அதற்கு ஸ்பானரும் வேண்டாம், செலவும் இல்லை!