புரட்டாசியில் ஒரு பூனை

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரன் சிரிப்பு நாடகம் எழுதாமல் செத்தால் ஊருக்கே இழுக்கு என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நம்ப இடமும் இருந்தது. பல்லாவரம் மலையில் மகேந்திரவர்மன் தன் பட்டப்பெயர்களை வெட்டிவைத்த குகை இருக்கிறது. அந்தப் பல்லவனின் பட்டங்களில் ஒன்று மத்தவிலாசன்; அவன் எழுதிய பிரகசனத்தின், அதாவது சிரிப்பு நாடகத்தின், பெயர் மத்தவிலாசம். மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பம்மல். அந்த ஊரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்த சம்பந்த முதலியார் (1873–1964), 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதினார். வக்கீல், பிறகு நீதிபதி. அப்படியும் மேடையேறி வேஷம் கட்டினார். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு பேரைக் கொடுத்த மண், மூன்றாவதாக என்னைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறது என்பது என் கணக்கு.

முதல் நாடகம் குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு. கருமி ஒருவனைப் பற்றியது. எங்கள் தெருவில் தண்ணீர்க் கேனுக்குக்கூடப் பேரம் பேசும் ஒருவரை மனத்தில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த மனைவி ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. "ஏங்க, இதெல்லாம் நீங்க வீட்டுல பேசுறதுதானே? இதை எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?" என்றாள். மின்விசிறியை அணைக்கச் சொல்லும் வசனம் மட்டும் ஏழு இடத்தில் வந்திருந்தது. நாடகத்தைப் பரணில் போட்டேன்.

சொந்தமாக எழுதுவதை விட்டு பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரிடம் போனேன். போகும் வழி பம்மலார் போட்டதுதான். மோலியேர் 1671இல் அரங்கேற்றிய ஸ்காபேன் நாடகம், அவர் கையில் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆகியிருந்தது. இரண்டு கிழவர்களை ஏய்த்து அவர்கள் பிள்ளைகளின் காதலுக்குப் பணம் கறக்கும் வேலைக்காரன்தான் ஸ்காபேன். மூலத்தில் ஒரு மூட்டைக் காட்சி உண்டு. "உங்களைக் கொல்ல ஆள் வருகிறது" என்று கிழவரைச் சாக்குக்குள் ஒளிய வைத்து, வருகிற ரவுடிகளின் குரலிலெல்லாம் தானே பேசி, தடியால் அவரை நொறுக்குவான். கிழவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்ததும் குட்டு உடையும்.

அடுத்த பொங்கலுக்கு அந்தக் காட்சியை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டோம். டைரக்டர் சாக்குக்குள் போவதா? தடியை நான் எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரரை ரேஷன் அரிசிச் சாக்கில் இறக்கினேன். இரண்டாவது ரவுடியின் குரல் வருவதற்குள் எனக்கு வசனம் மறந்துவிட்டது. வாய் நின்றாலும் கை நிற்கவில்லை. மனிதர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாக்கோடு எழுந்து, "டயலாக்கைச் சொல்லிட்டு அடிங்க சார்!" என்று கத்தினார். சபை உருண்டு சிரித்தது. நான் மேடையிலேயே கோபித்துக்கொண்டு, அமைதியாக இருக்கும்படி மைக்கில் அதட்டினேன். நகைச்சுவை நாடகத்தில் சிரித்ததற்காகப் பார்வையாளர்களைத் திட்டியவன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சரி, நாடகம் வராவிட்டால் ஆராய்ச்சி. மத்தவிலாசத்தைக் குறிப்பிடும் சிதைந்த கல்வெட்டு ஒன்று மாமண்டூர்க் குகையில் இருக்கிறது. நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் கதை சொன்னேன்: காஞ்சியில் குடிபோதையில் திரியும் காபாலிகத் துறவி தன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைக்கிறான். எடுத்தது பௌத்த பிக்குதான் என்று சண்டை. அந்தப் பிக்குவோ, இத்தனை கருணையுள்ள புத்தர் கள்ளையும் பெண்ணையும் விலக்கியிருக்க மாட்டார், பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள்தான் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டார்கள் என்று ஏங்குகிற ஆள். கடைசியில் மண்டையோடு ஒரு பைத்தியக்காரனிடம் கிடைக்கிறது. அவன் அதை நாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறான். இவ்வளவையும் சொல்லி முடித்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில், வெளியூர்ப் பேருந்துகள் டீக்கு நிற்குமே அந்த மாமண்டூரில் காரை நிறுத்தினேன். குகை எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் கழிப்பறையைக் கைகாட்டினார். கல்வெட்டு உள்ள மாமண்டூர், காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில் தூசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களிடம் இப்போதும் என் பெயர் மாமண்டூரார்.

இதையெல்லாம்விடச் சின்ன விஷயம், ஆனால் இன்னும் உறுத்துவது, மாமல்லபுரத்தில் நடந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை, மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. மாதம் முழுக்க நான் சுத்த சைவம் என்று வீட்டில் பறைசாற்றியிருந்தேன். நெற்றியில் நாமமும் இருந்தது. அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் எல்லாரையும் நிறுத்தி, யானைகளுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கி நிற்கும் பூனையைக் காட்டினேன். தவம் செய்கிற பாவனையில் பூனை, அதை நம்பிச் சுற்றிலும் எலிகள். "இதுதான் தார்த்தூஃப்!" என்றேன். பக்திவேஷம் போட்டு ஒரு குடும்பத்தையே சுருட்டப் பார்க்கும் பாசாங்குக்காரனை வைத்து மோலியேர் 1664இல் போட்ட நாடகம் அது. உடனே தடை, 1669இல்தான் பொதுமேடைக்கு அனுமதி. இங்கே பல்லவன் ஆயிரம் ஆண்டு முன்பே பாறையில் செதுக்கிவிட்டான், எந்தப் பக்தனும் கோபித்துக்கொள்ளவில்லை என்று முழங்கினேன். மைத்துனர் கைதட்டாத குறை.

பிறகு கடற்கரைக்குப் போனோம். மீன் வறுக்கும் கடைப் பையன் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டான். "சார், போன வாரம் மாதிரி வஞ்சிரமா, இல்ல வவ்வால் போடட்டுமா?"

மைத்துனர் மகள், பத்து வயது, கேட்டாள்: "மாமா, அந்தப் பூனை பேரு என்ன சொன்னீங்க?"

அன்று இரவு மோலியேரை மறுபடி எடுத்துப் படித்தேன். கண்ணில் பட்டது கதை அல்ல, யார் யார் எந்த வேஷம் கட்டினார்கள் என்ற பட்டியல். தார்த்தூஃபிடம் ஏமாறும் வீட்டுக்காரர் வேஷம் மோலியேருக்கு. கடைசி நாடகத்தில் இல்லாத நோயை இருப்பதாக நம்பிப் புலம்பும் ஆசாமியும் அவரே. நிஜமாகவே நோயோடு நடித்து, 1673 பிப்ரவரி 17 அன்று நாடகம் நான்காவது முறை நடந்தபோது மேடையிலேயே நிலைகுலைந்து, அன்றிரவே இறந்தார். மகேந்திரனோ தன் பட்டத்தையே குடிகாரன் கூத்துக்குப் பெயராகச் சூட்டினான். ராஜாவே தன் பெயரைக் கொடுத்திருக்கிறான், நான் ஒரு சாக்குக்குள் இறங்க மறுத்தேன். என் நாடகங்கள் தேறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், பேசுவதில்லை. பம்மலாரின் 'காளப்பன் கள்ளத்தன'த்தை எந்த நாடகக் குழுவாவது மேடையேற்றுவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அடிவாங்கும் கிழவர் வேஷத்துக்கு வருகிறேன். பயணப்படி மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.