பலன் பெரியப்பா

டீக்கடையில் யாராவது "நேத்து ராத்திரி ஒரு கனவு..." என்று ஆரம்பித்தால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒருவர் பேப்பரின் நடுப்பக்கத்தை உருவிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்வார். இன்னொருவருக்கு வீட்டில் கேஸ் சிலிண்டர் வருகிற நாள் என்பது ஞாபகம் வந்துவிடும். மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வார். பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஓர் ஆள் மட்டும் டம்ளரைக் கீழே வைத்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்பார். அவர்தான் பலன் பெரியப்பா.

மாயவரத்துப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்தவராக இருப்பார். என் அபிப்பிராயத்தில், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் சொல்லும் பலன்தான் தரமானது. எங்கள் தெருப் பெரியப்பா அந்த வகை. ஊரில் எந்த வீட்டுக்கு எத்தனை பங்காளி, எந்த மனைக்கட்டில் என்ன வில்லங்கம், யார் யாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார், யார் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் கனவு சாஸ்திரம் என்ற மாடி கட்டப்பட்டிருக்கிறது.

மணி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கனாநூல் கணக்குப்படி இரவுக்கு நான்கு சாமம். முதல் சாமத்தில் கண்டது ஓராண்டில் பலிக்கும். இரண்டாம் சாமம் என்றால் 8 மாதம், மூன்றாம் சாமம் என்றால் 3 மாதம், விடியலை ஒட்டிய கடைசிச் சாமம் என்றால் 10 நாள். கனவு காண்கிறவன் கடிகாரம் பார்த்தா காண்கிறான்? அதற்கும் பெரியப்பாவிடம் வழி உண்டு. "கனவு கலைஞ்சப்போ பால்காரர் மணி கேட்டுச்சா? ராமேஸ்வரம் வண்டி போன சத்தம் கேட்டுச்சா? ஒண்ணுக்குப் போக எழுந்தியா?" என்று குறுக்கு விசாரணை நடத்திச் சாமத்தைப் பிடித்துவிடுவார். சர்க்கரை வியாதிக்காரர்கள் என்றால் அவருக்கு வேலை சுலபம். அவர்கள் நான்கு சாமத்துக்கும் எழுந்தவர்கள்.

இந்தக் கெடு விஷயம் எவ்வளவு சௌகரியமானது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளை யானை மாலை போட்டதாகக் கனவு கண்டவனுக்கு மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், "நீ சரியாச் சொல்லலை. அது ரெண்டாம் சாமமா இருக்கும்" என்று இன்னும் ஐந்து மாதம் வாங்கிவிடலாம். அவருடைய சர்வீஸில் பொய்த்த கனவு என்று ஒன்றுகூடக் கிடையாது. கெடு முடியாத கனவுகள்தான் நிறைய இருக்கின்றன.

பலன்களைப் பொறுத்தவரை பெரிய விதி ஒன்றுதான்: எல்லாம் தலைகீழ். செத்துப்போனதாகக் கனவு கண்டால் ஆயுசு கெட்டி. அழுதால் சந்தோஷச் செய்தி வரும். சிரித்தால் அழ வேண்டியிருக்கும். அருவருப்பானதை மிதித்தால் பணம். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மட்டும் வீட்டில் பெரியவர்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பு துரத்தினால் கஷ்டம், அதே பாம்பு பிடித்துக் கடித்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது. ஆகவே கனவில் பாம்பைக் கண்டு ஓடுகிறவன் முட்டாள். நின்று காலைக் காட்ட வேண்டும்.

"கல்யாணக் கனவு ஆகாதுங்கறீங்களே, ஆண்டாள் கண்டது கல்யாணக் கனவுதானே?" என்று ஒருநாள் காலேஜ் பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். பெரியப்பா அசரவில்லை. "ஆண்டாள் மாப்பிள்ளை பெருமாள். உன் கனவுல வந்த மாப்பிள்ளை யாரு, அதை முதல்ல சொல்லு" என்றார். அவள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

உருவங்களைவிட இடங்களில்தான் அவருக்கு ருசி அதிகம். கோயில், குளம், கிணறு, பழைய வீடு என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் முன்னால் நகர்ந்து உட்காருவார். கிணற்றில் தண்ணீர் தெளிந்திருந்தால் கடன் அடையும், கலங்கியிருந்தால் வழக்கு. கோயில் நடை சாத்தியிருந்தால் குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி. நடை திறந்து, அர்ச்சகர் மட்டும் இல்லையென்றால் அதுவும் குலதெய்வம்தான். பாவாடை கட்டிய சிறுமி, நரைத்த கிழவி, கையில் கோலோடு நிற்கும் முரட்டு ஆள், யார் வந்தாலும் கடைசியில் அடையாளம் காணப்படுவது குலதெய்வமே. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பையன், யாருக்கோ போன் செய்து செய்து லைன் கிடைக்காமல் போனதாகக் கனவைச் சொன்னான். "எல்லைச்சாமிடா! கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, நீதான் எடுக்கலை" என்றார். போன் செய்தது பையன்தான் என்பதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பஞ்சாங்கம் இந்தக் காலத்துக் கனவுகளுக்குப் பக்கம் ஒதுக்கவில்லை என்பது அவருக்கு ஒரு மனக்குறை. லிஃப்டுக்கு என்ன பலன்? அவரே விதி செய்துகொண்டார். மேலே போனால் மலையேற்றம், அது உத்தமம். கீழே போனால் கிணறு, மேற்படி தண்ணீர் விதி பொருந்தும். நடுவில் நின்றுவிட்டால் திரிசங்கு, வேலை மாற்ற வேண்டாம். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் போனால் வற்றிய கிணறு. விமானம், கருடன். பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் புரியாமல் முழிப்பது மட்டும் பலன் இல்லாத கனவு. "அது எல்லாருக்கும் வர்றது. எனக்கே எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பேப்பர் இன்னும் வருது" என்று சொல்லிவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு போட்டியாளர் உண்டு. ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் ஃப்ராய்டு படித்தவர். கிணறு, மாடிப்படி, குடை என்று யார் எதைச் சொன்னாலும் குரலைத் தாழ்த்தி ஓர் அர்த்தம் சொல்வார், கேட்டவர் காது சிவந்து டீக்குக் காசு கொடுக்காமலே போய்விடுவார். கடைக்காரருக்கு வாத்தியாரைப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

போன ஐப்பசியில் உரக்கடைக்காரர் ஒரு கனவோடு வந்தார். பூர்வீக வீட்டுக்குள் நடந்துபோகிறாராம். கூடம், ரேழி, இரண்டாம் கட்டு எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் நெல் குதிருக்குப் பின்னால் இதுவரை பார்த்தே இராத ஓர் அறை. கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இருட்டு.

"கதவு எந்தப் பக்கம் பார்த்தது?" என்றார் பெரியப்பா.

"தெரியலீங்க."

"விளக்கு மாடம் இருந்துச்சா? நிலைப்படியில மஞ்சள் இருந்துச்சா? ஒட்டடையா?"

"ஒட்டடைதான்."

"உள்ளே போனியா?"

"போகலாம்னு காலை வச்சேன். எங்க சின்னண்ணன் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. முழிச்சுட்டேன்."

பெரியப்பா கண்ணை மூடினார். சாஸ்திரம் புரட்டுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அவர் புரட்டியது வில்லங்கச் சான்றிதழை. "பாகப்பிரிவினை பாக்கி இருக்கு. சின்னண்ணன் கையெழுத்துப் போடலை. மேற்கால மனையில உனக்குப் பங்கு இருக்குன்னு உன் மனசு சொல்லுது" என்றார். உரக்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, வீடுங்கிறது மனசு. தெரியாத அறைன்னா நமக்கே தெரியாத அடிமனசு. யுங்கின்னு ஒருத்தர், 1909-ல ஃப்ராய்டோட அமெரிக்கா போனப்ப இதே மாதிரி கனவு கண்டார். மாடி ஒரு காலம், கீழே இன்னும் பழைய காலம், நிலவறை ரோமானியர் காலம், அதுக்கும் அடியில ஒரு குகை. குகைக்குள்ள ரெண்டு மண்டை ஓடு. ஃப்ராய்டு விடலை. யாரோட மண்டை ஓடு, யாரோட மண்டை ஓடுன்னு துளைச்சு எடுத்துட்டார். யாராவது சாகணும்னு உள்ளுக்குள்ள ஆசைப்படறானோன்னு அவருக்குச் சந்தேகம். தொல்லை தாங்காம யுங் ஒரு பொய் சொன்னார். என் பெண்டாட்டியோடதும் மச்சினியோடதும்னு."

பெரியப்பா சிறிது யோசித்தார். "மச்சினியா? அங்கேயும் மாமனார் சொத்துலதான் தகராறு."

வாத்தியார் தோற்றுக்கொண்டேதான் இருந்தார். விஞ்ஞானத்தை இறக்கிப் பார்த்தார். 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண்மணி விறுவிறுவென்று அசையும் கட்டம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், கனவு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது, விடிய விடிய அந்தக் கட்டம் நீள்கிறது, அதனால்தான் விடியற்காலைக் கனவு ஞாபகத்தில் நிற்கிறது என்றார். "அதான் நாலாம் சாமம். நாங்க 1953 வரைக்கும் காத்திருக்கலை" என்று பதில் வந்தது. கனவுகளின் விளக்கம் என்ற ஃப்ராய்டின் புத்தகம் முதலில் 600 பிரதிதான் அச்சானது, அதுவும் விற்றுத் தீர 8 வருஷம் பிடித்தது என்பதை வாத்தியார் ஏதோ பெருமையாகச் சொல்லப்போய், "பாம்புப் பஞ்சாங்கம் சித்திரைக்குள்ள தீர்ந்துடும் சார்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருமுறை மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கர் கனவுக்கு ஐந்து புத்தகம் எழுதினார், கனவு கண்டவன் யார், என்ன தொழில் என்று விசாரிக்காமல் பலன் சொல்லக்கூடாது என்றார் என்று கேட்டதும் பெரியப்பா, "ஆள் விஷயம் தெரிஞ்சவன்" என்று சான்றளித்தார். எருமை கனவில் வந்தால் யமன் என்பது நம் பக்கத்துச் சட்டம். கோவலனே கனவில் கொம்புள்ள எருமை மேல் ஊர்ந்தவன்தான், என்ன ஆனான் என்பது தெரியும். ஆனால் எங்கள் பால்காரர் வந்து தினம் எருமைதான் வருகிறது என்று கண்கலங்கியபோது, பெரியப்பா ஆர்ட்டெமிடோரஸ் பெயரைக் கேள்விப்படுவதற்கு வெகு முன்பே, "போய்யா, உனக்கு அது தொழில்" என்று அனுப்பிவைத்தார்.

கெட்ட பலன் என்றால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். சின்னதாக இருந்தால் ஓடுகிற தண்ணீரிடம் கனவைச் சொல்லிவிடச் சொல்வார், அல்லது பசுவின் காதில். நடுத்தரம் என்றால் திரும்பப் படுத்துத் தூங்கலாம். பெரிதாக இருந்தால் திருவெண்காடு போய் முக்குளத்தில் முழுகிவிட்டு வர வேண்டும். இதை அவருடைய சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைச் சொன்னதும் தேவந்தி என்ன சொன்னாள்? சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் முழுகிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு சேர்ந்திருக்கலாம் என்றாள். அந்தக் குண்டங்கள் இன்றைய திருவெண்காட்டுக் குளங்கள்தான் என்று சொல்வார்கள். அது எங்களுக்குப் பக்கத்து ஊர், டவுன் பஸ் போகிறது. அதெல்லாம் நமக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிட்டாள். அதை யாராவது எடுத்துச் சொன்னால் பெரியப்பா, "முழுகியிருந்தா மதுரை எரிஞ்சிருக்காது" என்பார்.

காசு வாங்க மாட்டார். ஒரு டீயோடு சரி. பெண்டாட்டி, பிள்ளை, மாப்பிள்ளை என்று வீடு நிறைய ஆள் இருந்தும் ஒருவன் தன் கனவை முழுசாகச் சொல்லி முடிக்க இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. ஒட்டடை இருந்ததா என்று எந்த மருமகள் கேட்பாள்?

பெரியம்மாவுக்குக் கனவு வருமா என்று ஒருநாள் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வராம என்ன? தெனம் வருது."

"பெரியப்பாகிட்ட பலன் கேட்பீங்களா?"

"இவர்கிட்டயா? ஒரு தடவை பல்லு விழுந்த மாதிரி கனவுன்னு வாயை விட்டுட்டேன். மேல் வரிசையா, கீழ் வரிசையா, ரத்தம் வந்துச்சா, எந்தச் சாமம்னு அரை மணி நேரம் கேட்டாரு. அப்புறம் எங்க அண்ணனுக்கே போன் போட்டுத் துக்கம் விசாரிச்சிட்டாரு. அண்ணன் அன்னிக்குத்தான் புது வண்டி எடுத்திருந்திச்சு. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை."

"அப்புறம் யார்கிட்ட கேட்கிறீங்க?"

"வாத்தியார் வீட்டு அக்காகிட்ட. அவங்களும் அவங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்க மாட்டாங்க."

"அந்த அக்கா என்ன சொல்வாங்க?"

"ராத்திரியில போண்டா திங்காதேம்பாங்க."